அப்பா ஒரு நாடு, அம்மா ஒரு நாடு: பிள்ளையின் பத்திரத்தில் எதை, எப்போது எழுதுவது?

பதிவு 1 · பத்திரக்கட்டு

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நாலு நாட்டுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகள் பலர் இப்போது பதினேழு, பதினெட்டு வயதில் நிற்கிறார்கள். "நீ எந்த நாடு?" என்று கேட்டால் வீட்டில் ஒரு பதில், சட்டத்தில் வேறொரு பதில். அந்த இடைவெளிக்காகத்தான் இந்த இழை. அவரவருக்குத் தெரிந்த நாட்டின் விதியை எழுதுங்கள். எந்தத் தேதி, எந்தப் பத்திரம், எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்பது போதும். சொந்தக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது.

தொடங்கும் முன் மூன்று சங்கதிகளைப் பிரித்து வைத்துக்கொள்வோம். குடியுரிமை ஒன்று. படிவத்தில் "இனம்" என்ற கூட்டில் எழுதுவது இன்னொன்று. பிள்ளை தன்னை யார் என்று நினைக்கிறது என்பது மூன்றாவது. முதலாவதற்குக் கெடு உண்டு, தவறினால் போயே போய்விடும். இரண்டாவதைச் சில நாடுகளில் மாற்றலாம். மூன்றாவது பிள்ளையின் சொந்தப் பொறுப்பு, அதற்குக் காலக்கெடு கிடையாது. கெடு உள்ளதை முதலில் முடித்துவிட்டால், கெடு இல்லாததைப் பிள்ளை நிதானமாக யோசிக்கலாம் என்பது என் கருத்து.

இந்தியப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

இந்திய மண்ணில் பிறந்தவர்களுக்கு மூன்று காலக்கட்டம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை பிறந்திருந்தால், அயல்நாட்டுத் தூதர் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர, பிறந்ததே போதும். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை என்றால், பிறந்தபோது பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், இருவரும் இந்தியர், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி" அல்லாதவர். இந்தக் கடைசிச் சொற்றொடர் எத்தனை பிள்ளைகளை வெளியே நிறுத்துகிறது என்பதை தமிழ்நாட்டு இலங்கை அகதி முகாம் விவகாரம் தெரிந்தவர்கள் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை தானாக வராது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்திருந்தால், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பிள்ளையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுத்தில் உறுதி தர வேண்டும். ஓராண்டு கடந்தால் மத்திய அரசின் அனுமதி தேவை. அப்பா அம்மா இருவரும் இந்தியர் என்றால் ஊருக்கு வர பாஸ்போர்ட் வேண்டும், அதனால் சில மாதங்களிலேயே பதிந்துவிடுகிறார்கள். கலப்புக் குடும்பங்களில்தான் சிக்கல். மற்ற நாட்டுப் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துவிட்டு இங்கே வருவார்கள். அதன் பிறகு அந்த உறுதிமொழியை உண்மையாகக் கொடுக்கவே முடியாது.

இன்னொரு விதியைப் பலரும் படிப்பதில்லை. வெளிநாட்டில் பிறந்து, வம்சாவளியால் இந்தியரான பிள்ளைக்கு இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் இருந்தால், 18 வயது நிரம்பி ஆறு மாதத்துக்குள் அந்த மற்ற நாட்டுக் குடியுரிமையைக் கைவிட வேண்டும். கைவிடாவிட்டால் இந்தியக் குடியுரிமை நின்றுவிடும். குடியுரிமைச் சட்டம், பிரிவு 4, உட்பிரிவு 1ஏ.

---

பதிவு 2 · செம்பவாங் காற்று

சிங்கப்பூர் பக்கம்.

இங்கே மருத்துவமனையில் பிறந்தது மட்டும் குடியுரிமை தராது. தாய் அல்லது தந்தை, ஒருவராவது சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். இருவரும் நிரந்தரவாசிகள் என்றாலும் பிள்ளை பிறப்பால் குடிமகன் ஆகாது. வெளிநாட்டில் பிறந்தால் ஓராண்டுக்குள் பதிய வேண்டும். தாய் வழியாகவும் குடியுரிமை வரும் என்ற விதி 2004 மே 15 முதல் பிறந்தவர்களுக்கு. அதற்கு முன் தந்தை வழி மட்டும்தான்.

வம்சாவளியாலோ பதிவாலோ குடிமகனான பிள்ளை 21 வயது நிரம்பியதும், 22 நிரம்புவதற்குள், மற்ற நாட்டைத் துறந்து விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். அந்த ஓராண்டில் எடுக்காவிட்டால் சிங்கப்பூர்க் குடியுரிமை போய்விடும்.

இனி, பத்திரக்கட்டு சொன்ன 18 வயது ஆறு மாதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமையைத் துறக்கக் குறைந்தபட்ச வயது 21. ஆண்பிள்ளை என்றால் தேசிய சேவையை, அதாவது கட்டாயப் படைப் பணியை, முடிக்காமல் துறக்கவும் விடமாட்டார்கள். ஆக, இரண்டும் உள்ள ஒரு பையனிடம் இந்தியச் சட்டம் பதினெட்டரை வயதில் "சிங்கப்பூரை விட்டு வா" என்கிறது. சிங்கப்பூர்ச் சட்டமோ "21 வரை விட முடியாது" என்கிறது. அவன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, இந்தியப் பக்கம் தானாகவே உதிர்ந்துவிடுகிறது. இரண்டு நாட்டுச் சட்டங்களையும் ஒரே மேசையில் வைத்துத் தேதி போட்டுப் பார்க்காத குடும்பங்களுக்கு இது 19 வயதில்தான் தெரியவருகிறது.

ஆண்பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னொரு எச்சரிக்கை. 13 வயதிலிருந்து, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்கப் போனால் நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். அனுமதியில்லாமல் தமிழ்நாட்டில் தாத்தா வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பிவிட்டு, 18-இல் அழைப்பு வந்தபின் "அவன் அங்கேயே வளர்ந்தவன்" என்று சொன்னால் எடுபடாது. சேவை செய்யாமல் திரும்பினால் அது குற்ற வழக்கு.

---

பதிவு 3 · நீலாங்கரை

அப்படியானால் இந்தியக் குடியுரிமை உதிர்ந்த பையன் ஓசிஐ அட்டை எடுத்துக்கொண்டால் சரியாகிவிடாதா? பெயரிலேயே "வெளிநாட்டு இந்தியக் குடிமகன்" என்று இருக்கிறதே.

---

பதிவு 4 · பத்திரக்கட்டு

பெயர்தான் அப்படி. அது குடியுரிமை அல்ல, ஆயுள்கால விசாவும் சில வசதிகளும் சேர்ந்த பதிவு. ஓட்டு இல்லை, அரசியலமைப்புப் பதவி இல்லை, பொதுவாக அரசு வேலையும் இல்லை. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் பாட்டன் நிலம் வாரிசுரிமையாக வந்தால் பெற்றுக்கொள்ளலாம். ஊரில் பங்கு பிரிக்கும்போது "அவன் வெளிநாட்டுக்காரன், அவனுக்கு நிலம் எழுத முடியாது" என்று சித்தப்பா பெரியப்பா சொல்வது இந்த இரண்டையும் குழப்புவதால்.

ஓசிஐ விண்ணப்பத்தில் அடிக்கடி தவறும் இடங்கள்:

பிள்ளை பெயரில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்திருந்தால் முதலில் அதை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். இந்தியக் குடிமகனாகவே இருப்பவருக்கு ஓசிஐ கிடையாது. சிறுவர் என்றால் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மணமுறிவு ஆகியிருந்தால் பிள்ளை யார் பொறுப்பில் என்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும். பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டி ஆகியோரில் எவராவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமகனாக இருந்திருந்தால் விண்ணப்பமே செல்லாது. இலங்கை வம்சத்துக்கு அந்தத் தடை இல்லை.

அட்டை கிடைத்தபின், 20 வயது வரை ஒவ்வொரு புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் மூன்று மாதத்துக்குள் அதன் நகலையும் புதுப் படத்தையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். 20 வயது தாண்டி எடுக்கும் முதல் பாஸ்போர்ட்டுக்கு ஒருமுறை அட்டையையே புதிதாக வாங்க வேண்டும்.

மருத்துவப் படிப்பு நினைக்கும் பிள்ளைகள் கவனிக்க. 2021 மார்ச் 4 அறிவிப்புக்குப் பிறகு ஓசிஐ மாணவர்கள் நீட் வழியாக என்ஆர்ஐ இடங்களுக்கு மட்டுமே போட்டியிடலாம். அந்தத் தேதிக்கு முன்பே ஓசிஐ பெற்றவர்களுக்குப் பழைய உரிமை தொடரும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சொன்னது. அதனால் பழைய அட்டையில் உள்ள பதிவுத் தேதிக்கு மதிப்பு உண்டு. அட்டையைப் புதுப்பித்தாலும் பழையதன் நகலைத் தூக்கிப் போடாதீர்கள்.

---

பதிவு 5 · செம்பவாங் காற்று

இதோடு ஒட்டிய ஒரு தீர்ப்பையும் இங்கே வைக்கிறேன், ஏனென்றால் இதைத் தவறாக நம்பி இருக்கிறவர்கள் நிறைய. பெற்றோர் இந்தியக் குடியுரிமையைத் துறந்தால் சிறுவரான பிள்ளையும் அதை இழக்கும். 18 ஆனபின் ஓராண்டுக்குள் "மீண்டும் இந்தியன் ஆகிறேன்" என்று அறிவித்தால் திரும்பப் பெறலாம். பிரிவு 8-இன் இரண்டாம் உட்பிரிவு இது. பெற்றோர் சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்த பிறகு அங்கே பிறந்த ஒரு இளைஞர் இந்த வழியில் விண்ணப்பித்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது.

காரணம் நுணுக்கமானது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்த நொடியே பிரிவு 9-இன்படி இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடுகிறது. அது "துறத்தல்" அல்ல. துறந்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அந்தத் திரும்பும் கதவு. நடைமுறையில் வெளிநாட்டுக் குடியுரிமை எடுக்கும் பெரும்பாலானோர் போவது பிரிவு 9 வழியில்தான். ஆகவே "பிள்ளை பெரியவனானதும் மாற்றிக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கையில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

---

பதிவு 6 · மண்டபம் வழி

முகாம் பிள்ளைகள் பற்றி எழுதுகிறேன். 2021-இல் தமிழ்நாடு அரசு பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். பிள்ளைகளின் சட்ட நிலை மாறவில்லை.

முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, இங்குள்ள பேச்சு பேசி, இங்குள்ளவரையே கட்டிக்கொண்ட இளைஞர்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிதான் எல்லாம்.

1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். பெற்றோர் அகதி என்பது பொருட்டல்ல. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது இந்த அடிப்படையில். 1987-க்கும் 2004-க்கும் இடையில் பிறந்து, அப்பாவோ அம்மாவோ உள்ளூர்க்காரர் என்றால் அவரும் இந்தியரே. 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியரானாலும் மற்றவர் படகில் கடவுச்சீட்டு இல்லாமல் வந்திருந்தால் சட்டம் "சட்டவிரோதக் குடியேறி" என்கிறது. விமானத்தில் விசாவோடு வந்து காலம் கடந்து தங்கியவருக்கும் அதே பெயர்தான். அப்பா பக்கம் பத்து தலைமுறை இராமநாதபுரம் என்றாலும் பிள்ளை வெளியே.

2025 செப்டம்பரில் வந்த விலக்கு உத்தரவைக் குடியுரிமை என்று சிலர் பரப்பினார்கள். 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு, அவ்வளவே. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

முதல் இரண்டு வகையினருக்குக் கோப்பு சேர்க்கும் முறை: பிறந்த காலத்துப் பிறப்புச் சான்றிதழ், பிறந்த இடம் தெளிவாக இருக்க வேண்டும். பெற்றோரின் முகாம் அடையாள அட்டை, குடும்ப அட்டை. இந்தியப் பெற்றோர் இருந்தால், பிள்ளை பிறந்தபோது அவர் இந்தியர் என்பதற்கான பழைய ஆவணம், அதாவது அவருடைய பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பழைய வாக்காளர் பட்டியல் பக்கம். இன்றைய ஆதார் இதற்கு உதவாது, அது குடியுரிமைச் சான்றே அல்ல.

கெடுப்பது பெரும்பாலும் பள்ளி மாற்றுச் சான்றிதழ். "நாட்டினம்: இலங்கை" என்று எழுத்தர் எழுதியிருப்பார். முகாம் முகவரியைப் பார்த்து எழுதியது அது. சட்டப்படி அதற்கு மதிப்பில்லை, ஆனால் பாஸ்போர்ட் விசாரணைக்கு வருபவர் அதைத்தான் முதலில் காட்டுவார். பள்ளியில் இருக்கும்போதே திருத்தக் கேட்பது எளிது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அச்சானபின் மலை ஏறுவது போல.

மூன்றாம் வகைப் பிள்ளைகள் நாடே இல்லாமல் நிற்காதிருக்க, சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவது நல்லது. ஆனால் இந்தியப் பிறப்புரிமை உள்ளவர் அவசரப்பட்டு அங்கே பதிந்துவிட்டால், "நீ விரும்பி வேறு குடியுரிமை எடுத்தாய்" என்ற கேள்வி இங்கே எழும். எந்த வகை என்று தேதியைப் பார்த்துவிட்டுப் பிறகு போங்கள்.

---

பதிவு 7 · தேயிலைச்சாரல்

மண்டபம் வழி எழுதியதில் ஒரு பிரிவு விடுபட்டிருக்கு. முகாம்களில் இருப்பவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணம், வன்னி ஆட்கள் இல்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, அங்கிருந்து படகேறிய குடும்பங்களும் உண்டு. அவர்களின் பாட்டன் பூட்டன் புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கம்.

இலங்கையின் 1948-இன் 18-ஆம் இலக்கச் சட்டம் இவர்களைப் பிரஜாவுரிமை இல்லாதவர்களாக்கிச்சு. 1964 ஒக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்ப்போம் என்று. 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பிரிச்சார்கள். மனிதரைப் பங்கு பிரித்த ஒப்பந்தம் அது. இன்றைக்கு இருபது வயதில் இருக்கும் பிள்ளைக்கும் அதன் நிழல் இருக்கு.

நடைமுறைக்கு வேண்டியது: 2003-இன் 35-ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக இருந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் பிரஜாவுரிமை தந்தது. யுத்தத்தால் இந்தியாவுக்குப் போனவர்களை விட்டுவிடாமல் 2009-இல் திருத்தினார்கள். ஆகவே வீட்டில் பாட்டனின் பழைய தோட்டப் பதிவு, பிறப்புப் பத்திரம், இந்தியப் பாஸ்போர்ட் எது கிடைத்தாலும் வைத்திருங்கள். அந்தப் பழைய இந்தியப் பாஸ்போர்ட் இந்தியப் பக்கத்திலும் கதவைத் தட்ட உதவும். இவர்கள் வம்சத்தால் இந்தியர் என்பதைக் கணக்கில் எடுத்து மனுக்களைப் பரிசீலிக்கும்படி மதுரைக் கிளை 2019-இல் சொல்லியிருக்கு.

இனி பத்திரக்கட்டு அண்ணாவோட ஒரு வேறுபாடு. இனக் கூட்டையும் மனசையும் பிரிச்சு வைக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் இனம், தாயின் இனம் என்று தனித்தனியாகக் கூடு இருக்கு. அப்பா "இலங்கைத் தமிழர்", அம்மா "இந்தியத் தமிழர்" என்று எழுதின பத்திரத்தோட வளர்கிற பிள்ளை, தாயைப் பற்றி அந்தச் சொல் என்ன சொல்லுது என்று பத்து வயதிலேயே விளங்கிக்கொள்ளும். இருநூறு வருஷம் அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு "இந்திய" என்ற முன்னொட்டு. அதனால்தான் இளையவர்கள் "மலையகத் தமிழர்" என்று சொல்லச் சொல்கிறார்கள். கடதாசி மனசுக்கு வெளியே நிற்கிற சாமான் இல்லை. பிள்ளை தன்னைப் பற்றி வாசிக்கிற முதல் எழுத்தே அதுதான்.

---

பதிவு 8 · பத்திரக்கட்டு

நீங்கள் சொல்வது சரி. பிரிக்கலாம் என்று நான் எழுதியது கெடு விஷயத்துக்கு. ஒன்று மற்றதைத் தொடாது என்ற பொருளில் படிக்கப்பட்டால் அது என் எழுத்தின் குறை. செம்பவாங், அங்கே இரட்டை இனம் எழுதும் முறை வந்ததே, அது உண்மையில் எப்படி வேலை செய்கிறது?

---

பதிவு 9 · செம்பவாங் காற்று

2011 ஜனவரி முதல் பிறக்கும் கலப்புக் குழந்தைக்கு "இந்தியர்-சீனர்", "சீனர்-இந்தியர்" என்று இரண்டையும் பதியலாம். வரிசை பெற்றோர் விருப்பம். ஆனால் வரிசை வெறும் அலங்காரமல்ல. அரசுக் கொள்கைகளில் ஒரு இனம் மட்டும் கேட்கும் இடங்களில் முதற்பகுதிதான் எடுத்துக்கொள்ளப்படும்.

உதாரணம் வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு. 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை உள்ளது. இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கான உச்ச வரம்பு ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு. புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால் அங்குள்ள இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குபவர் கூட்டம் சுருங்கும், விலையும் இறங்கும். இன்று குழந்தைக்கு எழுதும் முதல் சொல், முப்பது வயதில் அது வீடு விற்கும்போது பேசும்.

இனப் பதிவை 21 வயதுக்கு முன் ஒருமுறை, 21-க்குப் பின் ஒருமுறை மாற்றலாம். சத்தியப் பிரமாணம் வேண்டும். முதல் வாய்ப்பைப் பெற்றோரே குழந்தைப் பருவத்தில் செலவழித்துவிட்டால் பிள்ளைக்கு ஒன்றுதான் மிஞ்சும். அதை அதன் கையில் விட்டுவைப்பது நல்லது என்பேன்.

தாய்மொழிப் பாடம் இன்னும் நேரடியானது. பள்ளியில் சீனம், மலாய், தமிழ் என்ற மூன்றும் அதிகாரபூர்வ தாய்மொழிகள். தமிழல்லாத இந்தியர்களுக்கு இந்தி, வங்காளம், பஞ்சாபி, குஜராத்தி, உருது. இரட்டை இனப் பிள்ளை எந்தப் பகுதியின் மொழியையும் கேட்கலாம், தொடக்கநிலை ஒன்றுக்குப் பதியும்போதே சொல்ல வேண்டும். தொடக்கநிலை ஆறின் தேர்வில் நான்கு பாடங்களில் தாய்மொழி ஒன்று. நடுவில் மாற்றினால் ஓரிரு ஆண்டில் அந்த அளவை எட்ட வேண்டும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது முடிவதில்லை. "சீனம் வேலைக்கு உதவும்" என்று ஆறு வயதில் தேர்ந்தெடுத்துவிட்டு, பதினாறில் பாட்டியோடு பேச மொழி இல்லை என்று வருந்தும் வீடுகளுக்கு ஒரே வழி, வீட்டில் தமிழ். அப்பா மட்டும் பேசினாலும் போதும். தினமும் பேச வேண்டும், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நிறுத்தாமல் பேச வேண்டும்.

---

பதிவு 10 · கிள்ளான் ஆறு

மலேசியாவில் முதலில் கேட்க வேண்டியது இனம் அல்ல, கல்யாணப் பதிவு.

1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைப் பதிவது கட்டாயம். கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திவிட்டால் சட்டத்தின் கண்ணில் திருமணம் இல்லை. இருவரும் மலேசியர் என்றால் பிள்ளையின் குடியுரிமைக்குப் பாதிப்பில்லை. மனைவி இந்தோனேசியரோ, தாய்லாந்துக்காரரோ, இந்தியரோ என்றால் பாதிப்பு உண்டு. அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி, மணமாகாத பெற்றோரின் பிள்ளைக்கு "தந்தை" என்ற இடத்தில் "தாய்" என்று படிக்க வேண்டும். அம்மா வெளிநாட்டவர், ஆகவே பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் "குடிமகன் அல்ல" என்று அச்சாகிவிடும். 12 வயதில் தோழர்கள் நீல மைகாட் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது இந்தப் பிள்ளைக்கு அது கிடையாது.

"பிறகு பதிந்துகொண்டோமே" என்பார்கள். 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் சொன்னது: பிறந்த நேரத்தில் இருந்த நிலைதான் கணக்கு, பின்னால் நடந்த திருமணம் பிள்ளையைப் பிறப்பால் குடிமகனாக்காது. மனசு வலிக்கும் தீர்ப்பு. மிஞ்சுவது 15ஏ விதியின் கீழ் விண்ணப்பம், அது உரிமை அல்ல, அரசின் விருப்பம். ஆண்டுக்கணக்கில் ஆகும். 21 வயதுக்குள் என்று இருந்ததை 2024 அரசியலமைப்புத் திருத்தம் 18-ஆகக் குறைக்கிறது. எனவே 18-க்குள் கொடுக்க வேண்டும், பத்து வயதிலேயே கொடுத்தால் இன்னும் நல்லது. அதே திருத்தத்தில் வந்த நல்ல செய்தி, மலேசியத் தாய் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைக்கும் தந்தையைப் போலவே குடியுரிமை தரும் வழி.

தேசியப் பதிவிலாகாவுக்குப் போகும்போது: இருவரின் அடையாள அட்டை (ஐசி) அல்லது பாஸ்போர்ட், திருமணப் பத்திரம், பிறப்புப் பத்திரம், அம்மாவின் நுழைவு முத்திரை உள்ள பக்கங்கள், பள்ளியில் படிக்கும் சான்று, தடுப்பூசி அட்டை. நகலோடு மூலமும். நிராகரித்தால் கடிதத்தை வைத்திருந்து மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.

இனம் வழக்கமாக அப்பாவுடையது. அப்பா தமிழர், அம்மா சீனர் என்றால் பத்திரத்தில் "இந்தியர்", பெயர் நடுவில் "ஏ/எல்" (மகன்) அல்லது "ஏ/பி" (மகள்). ஊர் அவர்களைச் சிந்தியன் (சீனர், இந்தியர் என்ற இரண்டையும் சேர்த்த பெயர்) என்கிறது, படிவத்தில் அந்தச் சொல் இல்லை. மதம் மாறிய பெற்றோர் உள்ள வீட்டில் இன்னொன்று: ஒரு பெற்றோர் மட்டும் தனியாகப் பிள்ளையை மதம் மாற்ற முடியாது, இருவர் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரியில் இந்திரா காந்தி வழக்கில் தீர்த்திருக்கிறது.

---

பதிவு 11 · ஆல்ப்ஸ் அடி

ஐரோப்பாவில இருக்கிற எங்கட பிள்ளையளுக்கும் கொஞ்சம்.

இரட்டைக் குடியுரிமை என்பது இரண்டு பூட்டுள்ள கதவு. ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் அனுமதிக்குது, நோர்வே 2020 ஜனவரி 1 முதல், டென்மார்க் 2015 செப்டம்பர் 1 முதல். சுவிஸ் 1992-இலேயே. இது ஒரு பூட்டுத்தான். இலங்கைப் பக்கம், வளர்ந்தவர் வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்தால் இலங்கையினது போயிடும். வைச்சிருக்க வேணுமெண்டால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குத் தனியா விண்ணப்பிக்க வேணும்: எடுக்க முன்னம் எண்டால் தக்கவைத்தல், எடுத்த பிறகு எண்டால் மீளப் பெறுதல். இரண்டும் வேறு வேறு விண்ணப்பம், மாறி நிரப்பினால் திருப்பி அனுப்புவினம்.

சுவிஸில வழமையான வழிக்குப் பத்து வருஷ வசிப்பும் சி அனுமதியும் (நிரந்தர வசிப்பு அனுமதி) வேணும். 8 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில இருந்த வருஷங்கள் இரட்டிப்பாக எண்ணப்படும், ஆனால் உண்மையான வசிப்பு ஆறு வருஷத்துக்குக் குறையக் கூடாது. 2018 பெப்ரவரி 15 முதல் மூன்றாம் தலைமுறைக்கு இலகு வழி இருக்கு. 25 வயது நிரம்ப முன்னம் விண்ணப்பிக்க வேணும். பிள்ளை சுவிஸில பிறந்து, அஞ்சு வருஷம் இங்க கட்டாயப் பள்ளி படிச்சிருக்க வேணும். பெற்றோரில ஒருவருக்குப் பத்து வருஷ வசிப்பு, அஞ்சு வருஷப் பள்ளி. தாத்தாவோ பாட்டியோ இங்க வசிப்புரிமையோட இருந்ததைக் காட்ட வேணும். எண்பதுகளில வந்தவையின்ர பழைய அனுமதிப் புத்தகத்தை வீடு மாறேக்க எறிஞ்சு போடாதேங்கோ. பேரப்பிள்ளைக்கு அதுதான் திறப்பு.

பெயர்தான் இங்க பெரிய தலையிடி. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின்ர பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகப் போகும். அம்மாவுக்கு அவவின்ர அப்பாவின்ர பெயர். ஒரு வீட்டில மூன்று "குடும்பப் பெயர்". எல்லையில தாயும் பிள்ளையும் தனியாப் போனால் கேள்வி வரும், அதால பிறப்புப் பத்திரத்தின்ர நகலைக் கையோட வைச்சிருக்க வேணும். ஜெர்மனியில முதல் பிள்ளைக்குச் சொல்லுற குடும்பப் பெயர்தான் பிறகு பிறக்கிற பிள்ளையளுக்கும். எந்தப் பெயரில நிறுத்துறது எண்டதை முதல் பிரசவத்துக்கு முன்னமே இருவரும் பேசி முடியுங்கோ.

---

பதிவு 12 · பத்திரக்கட்டு

பெயர் பற்றி ஆல்ப்ஸ் அடி சொன்னதை நாலு நாட்டுக்கும் நீட்டலாம். தமிழ்நாட்டில் முன்னெழுத்து, சிங்கப்பூரில் "எஸ்/ஓ", "டி/ஓ", மலேசியாவில் "ஏ/எல்", "ஏ/பி", இலங்கையில் அப்பா பெயர் முன்னால் முழுசாக. ஒரே பிள்ளை நாலு பத்திரத்தில் நாலு ஆளாகத் தெரியும்.

பிறப்புச் சான்றிதழில் முன்னெழுத்தை விரித்து எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை முதல் பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எல்லாவற்றிலும் வையுங்கள், எண்கணிதத்துக்காக நடுவில் ஒரு எழுத்துக் கூட்ட வேண்டாம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கூட்டைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யூ" என்று வந்து நிற்கும், பெயர் தெரியாது என்று பொருள். வேறுபாடு ஏற்கனவே வந்திருந்தால், இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதிக் கோப்பில் வையுங்கள்.

---

பதிவு 13 · நீலாங்கரை

இவ்வளவையும் படித்தபின் ஒரு குறிப்பான கேள்வி. அப்பா மலேசியாவில் பிறந்த மலேசியர், அம்மா இந்தியர். பெண் சென்னையில் பிறந்தாள், இப்போது 17. கோயில் கல்யாணம், பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. அவள் இந்தியரா, மலேசியரா? முதலில் எந்தத் தாளை எடுத்துப் பார்ப்பது?

---

பதிவு 14 · கிள்ளான் ஆறு

திருமணப் பதிவுச் சான்றிதழை. அதில் சடங்கு நடந்த நாள், பதிவு செய்த நாள் என்று இரண்டு தேதி இருக்கும். சடங்கு நாள் மகள் பிறந்த தேதிக்கு முன்னால் இருக்கிறதா, மணப்பெண்ணின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் இருந்தால், மலேசியாவில் பிறந்த மலேசியத் தந்தையின் பிள்ளை என்ற வகையில் அவளுக்கு இங்கே வாதம் உண்டு. வெளிநாட்டுப் பிறப்பைப் பதியாமல் விட்டிருந்தால், அப்பாவின் மலேசியப் பிறப்புப் பத்திரத்தையும் சேர்த்துக்கொண்டு, அதைப் பதியத்தான் முதலில் கேட்க வேண்டும்.

---

பதிவு 15 · பத்திரக்கட்டு

இந்தியப் பக்கம்: 2004-க்குப் பின் இங்கே பிறந்தவள், அம்மா இந்தியர், அப்பா அப்போது முறையான விசாவில் இருந்தவர் என்றால் பிறப்பால் இந்தியர். இவளுக்கு அந்த ஆறு மாத விதி பொருந்தாது, அது வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு. ஆனால் மலேசியப் பாஸ்போர்ட்டை எடுத்தால், வேறு நாட்டுப் பாஸ்போர்ட் பெறுவதே விரும்பிக் குடியுரிமை எடுத்ததற்குச் சான்று என்று இந்திய விதிகள் கொள்கின்றன. மலேசியாவும் இரண்டை ஏற்பதில்லை. ஆகவே எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போடும் முன் அவளையும் உட்கார வைத்துக் கேளுங்கள், எங்கே படிக்கப் போகிறாள், எங்கே வேலை பார்க்க நினைக்கிறாள் என்று. அப்பாவின் அந்தக் காலத்து விசாப் பக்கம் பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிறதா என்பதை இன்றைக்கே தேடுங்கள். அது இல்லையென்றால் அவள் பிறந்த மாதத்தில் அவர் இந்தியாவில் முறைப்படி இருந்தார் என்பதை வெளிநாட்டவர் பதிவு அலுவலகப் பதிவிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும்.